பதிவேட்டில் இல்லாத முழங்கால்

காலை எட்டு மணிக்குள் வால்ட் டுடெக் இருபத்திரண்டு கணுக்கால்களுக்கு டேப் சுற்றி முடித்திருந்தார். ஆட்டக்காரன் மேசைமேல் ஏறிக் காலை நீட்டுவான். குதிகாலில் தொடங்கி, பாதத்துக்கு அடியில் கொண்டுபோய், மேலே இழுத்து, விரலாலேயே கிழிப்பார். போன வருடம் ஒரு கணுக்காலுக்கு எட்டுச் சுற்று. இந்த வருடம் ஐந்து. டேப் பெட்டி இப்போதெல்லாம் அலுவலகம் நினைத்தால்தான் வந்தது.

டொலீடோ ரிவர்மென் அணி பிறந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. நீச்சல்குளம் கட்டி விற்கும் லாசிட்டர் என்ற பணக்காரர் எழுபத்துநான்காம் வருட வசந்தத்தில் அமெரிக்கக் கால்பந்துக்கான புதிய லீக்கில் இடம் பிடித்து, ஆற்றில் படகு விட்டு, பேண்டு வாத்தியத்தோடு அணியை அறிவித்தார். முதல் ஆட்டத்துக்கு முப்பதாயிரம் பேர் வந்தார்கள். பாதிப் பேருக்கு ரொட்டி வாங்கியதற்குச் சும்மா கொடுத்த டிக்கெட் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது அடுத்த வருட அக்டோபர். பெரிய மைதானம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கத் திடலில் பயிற்சி. உடை மாற்றும் அறையில் கொக்கிகள் பத்து வயதுப் பிள்ளைகளின் உயரத்தில் இருந்தன. ஆறரை அடி ஆட்களின் கோட்டுகள் தரையைக் கூட்டின.

அந்த அறையில் யாரும் யாரையும் நம்பவில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாமவன் வந்தால் பேச்சு நிற்கும். புதுக் காலணி போட்டு வந்தவனை அலுவலகத்துக்குக் கோள் சொல்பவன் என்றார்கள். எல்லோருக்கும் பயம் பட்ச் என்ற ஆளிடம்தான். அவன் மேலாளரின் எடுபிடி. கதவருகே வந்து, "கோச் கூப்பிடுறாரு. புத்தகத்தையும் எடுத்துக்க" என்பான். ஆட்டங்கள் வரைந்த தடிப் புத்தகம் அணியின் சொத்து. அதைக் கொண்டுவரச் சொன்னால் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம். கோடையிலிருந்து பத்தொன்பது பேர் அப்படிப் புத்தகத்தோடு போய்ப் புத்தகம் இல்லாமல் திரும்பியிருந்தார்கள்.

அன்று எட்டே காலுக்கு மேலாளர் ஹன்ட்லி தானே சிகிச்சை அறைக்கு வந்தார். வழக்கமாக அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

"எப்படி இருக்கீங்க, வால்ட்? வீட்டம்மா சௌக்கியமா?"

"இருக்கா."

"அந்தப் பதிவேட்டைக் குடுங்களேன். ஒரு பார்வை பாத்துட்டு அனுப்பிடறேன்."

யார் எந்த நாளில் எந்த வலிக்கு மேசையில் படுத்தான் என்று எழுதும் பதிவேடு அது. வால்ட் கொடுத்தார். ஹன்ட்லி நின்ற இடத்திலேயே சில பக்கங்களைப் புரட்டி, எதையோ தேடிக் காணாதவர் போலப் புன்னகை செய்தார். காணாததற்கு எதற்குச் சிரிப்பு என்று வால்டுக்கு உறுத்தியது.

அதில் ஒரு பெயர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். டெல்பர்ட் ரூக்ஸ், எண் எழுபத்தொன்பது. பந்து எறிபவனைக் காக்கும் வரிசையில் இடது ஓரத்து ஆள். அலபாமாவிலிருந்து வந்தவன், இருபத்தாறு வயது. மூன்று வாரங்களுக்கு முன் ஓர் ஆட்டத்தில் அவன் வலது முழங்கால் உட்பக்கமாக மடங்கியது. ஊர் மருத்துவர் ஒருவரிடம் யாருக்கும் தெரியாமல் போனான். ஒரு மாதத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் அந்தக் கால் நேராகவே ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். அறுவைக்கு ஆகும் செலவு அவன் அப்பா மரம் அறுக்கும் ஆலையில் இரண்டு வருடம் சம்பாதிப்பது.

ஆட்டத்தில் அடிபட்டவனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியது அணியின் பொறுப்பு, குணமாகும்வரை அவனை வெளியே அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நல்ல கால் கை உள்ளவனை எந்த நேரமும் அனுப்பலாம். ஆனால் இந்த ஆட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே ஊறிப்போன வேறொரு சட்டம் இருந்தது. சிகிச்சை மேசையில் படுத்தவன் பெயர்தான் முதலில் அடிபடும். அதனால் டெல்பர்ட் மற்றவர்கள் வருவதற்கு முன்பே பின்கதவு வழியாக வருவான். பனிக்கட்டி வாளியில் அரை மணி நேரம் காலை வைத்திருப்பான். ஒவ்வொரு நாளும் ஒரே வார்த்தைதான்: "பேரை மட்டும் எழுதிடாதீங்க, பெருசு."

வால்ட் எழுதவில்லை. பையனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

ஹன்ட்லி பதிவேட்டோடு போனதும் வால்ட் ஜன்னல் வழியே பார்த்தார். திடலின் இடது ஓரத்தில், புல்லின்மேல் முக்காலியை ஊன்றி, அணிக்குப் படம் பிடிக்கும் லூ படப்பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தான். ஆகஸ்டிலிருந்து பயிற்சியைப் படம் எடுப்பதே கிடையாது. படச்சுருளுக்கு ஏது வழி. எடுத்த காலத்திலும் உயரமான சாரத்தின் மேலிருந்து முழு வரிசையும் தெரியும்படிதான் எடுப்பார்கள். வால்ட் வெளியே போனார்.

"என்ன லூ, இன்னைக்குக் கீழ எறங்கிட்ட?"

"எனக்கு என்ன தெரியும். எழுபத்தொன்பதை மட்டும் எடு, காலு நல்லா தெரியணும்னாங்க. எடுக்கறேன்."

இந்த வித்தையை வால்ட் முன்பே பார்த்திருக்கிறார். அணிக்கு வருமுன் பதினெட்டு வருடம் கண்ணாடித் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இருந்தவர் அவர். அங்கே வாசலில் ஒரு பலகை இருந்தது: விபத்தில்லாத நாட்கள் இத்தனை. உலைக்காரன் ஒருவனுக்கு இரண்டு கையும் வெந்துபோன மறுநாள் அவனை வீட்டிலிருந்து காரில் கொண்டுவந்து, வருகை அட்டையைக் குத்தவைத்து, எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வேலைக்கு வந்தவனுக்கு விபத்து எப்படி நடந்திருக்கும்? பலகையில் எண் குறையவில்லை. அந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டது வால்ட்தான்.

டெல்பர்ட் கடைசியாக மேசையில் ஏறினான். கால்சட்டையைத் தொடைவரை சுருட்டினான். முழங்கால் வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க. பேண்டுக்கு வெளிய தெரியக் கூடாது."

"இன்னைக்கு ஓடாத, தம்பி."

"ஏன்?"

"உன்னைப் படம் புடிக்கறாங்க. நீ நல்லா இருக்கன்னு காட்டத்தான். காட்டிட்டு வெளிய அனுப்பிடுவாங்க. காலு வலிக்குதுன்னு சொல்லி உக்காந்துடு. இப்பவே எழுதறேன், ஒரு துண்டுத் தாள்லயாவது."

டெல்பர்ட் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எதுக்குப் படம்னு எனக்குத் தெரியும். கனடாவுல ஒரு டீம் கேட்டிருக்கு. இங்க எல்லாம் இழுத்து மூடப் போறாங்க, அதுக்குள்ள என்னை அங்க தள்ளிடலாம்னு பாக்கறாங்க."

"யாரு சொன்னா?"

"ஹன்ட்லி."

"அந்தாளு வாயைத் தொறந்தா வர்றதை நம்புவ, நான் சொன்னா நம்ப மாட்டியா?"

"அவருக்கு என்னை வித்தா லாபம். அதனால நம்பறேன்." டெல்பர்ட் அவர் முகத்தையே பார்த்தான். "உங்களுக்கு இதுல என்ன லாபம்னுதான் புரியல. நேத்து அந்தப் புதுப் பையன் இதே மேசையில அரை மணி நேரம் படுத்திருந்தான். என் இடத்துக்கு வந்தவன். என்ன பேசுனீங்க?"

"முதுகு புடிச்சிக்கிட்டதுன்னான்."

"முதுகு." டெல்பர்ட் சிரித்தான். "நான் உக்காந்தா அவன் எந்திரிப்பான். அவ்வளவுதானே, பெருசு?"

வால்டுக்குக் கோபம் வந்தது. மூன்று வாரமாக இருட்டோடு எழுந்து வந்து பின்கதவைத் திறந்துவிட்டவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? டேப் உருளையை மேசையில் வைத்தார்.

"நான் கட்ட மாட்டேன்."

"கட்டாட்டியும் ஓடுவேன். அப்புறம் இருக்கறதும் போயிடும். உங்க இஷ்டம்."

அதில் பொய் இல்லை. வால்ட் உருளையை மறுபடி எடுத்தார். தொடையில் ஒரு வளையம், கெண்டைக்காலில் ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே குறுக்கும் நெடுக்கும் பட்டைகள். கையிருப்பில் இருந்த மூன்று உருளையும் தீர்ந்தது. தன் வாழ்நாளில் அத்தனை நன்றாக ஒரு முழங்காலை அவர் கட்டியதில்லை.

டெல்பர்ட் ஆறு முறை ஓடினான். ஆறு முறையும் குனிந்து, கையைத் தரையில் ஊன்றி, பந்து நகர்ந்ததும் பின்னால் இரண்டடி சறுக்கி எதிரே வந்தவனைத் தடுத்து நிறுத்தினான். ஐந்தாவது முறை எதிராளியைத் தூக்கிப் புல்லில் போட்டான். லூ படப்பெட்டியைத் திருப்பிக்கொண்டே இருந்தான். ஆறாவது முடிந்ததும் ஹன்ட்லி கையைக் காட்டினார், லூ முக்காலியை மடக்கினான். பயிற்சி இன்னும் ஒன்றரை மணி நேரம் நடந்தது. டெல்பர்ட்டை அதற்குமேல் யாரும் கூப்பிடவில்லை. தலைக்கவசத்தின்மேல் உட்கார்ந்து கனடாவில் குளிர் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை மதியம், படச்சுருள் கழுவி வந்தது. பட்ச் கதவருகே வந்து நின்றான். எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்தார்கள்.

"ரூக்ஸ். கோச் கூப்பிடுறாரு."

டெல்பர்ட் எழுந்தான். முகத்தில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது.

"புத்தகத்தையும் எடுத்துக்க."

பழைய தலைமையாசிரியர் அறைதான் அலுவலகம். வால்ட் கூப்பிடாமலேயே பின்னால் போனார். கோச் அங்கே இல்லை. ஹன்ட்லி மட்டும் இருந்தார். மேசையில் படம் காட்டும் கருவி, அதன் பக்கத்தில் சிகிச்சைப் பதிவேடு, ஒரு தட்டச்சுத் தாள்.

"நல்ல உடம்போட, ஆடத் தகுதியோட அணியை விட்டுப் போறேன்னு இருக்கு. ஒரு கையெழுத்து," என்றார் ஹன்ட்லி.

"கனடா?"

"கேட்டாங்க. அப்புறம் வேண்டாம்னுட்டாங்க."

"எனக்குக் காலு போயிடுச்சு, சார். மூணு வாரமாச்சு."

ஹன்ட்லி பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினார். "மூணு வாரமா வலின்னா உன் பேரு இதுல எங்க? போட்டாலும் போடாட்டாலும் சரி, இதுவும் படமும் எங்ககிட்ட இருக்கு."

"தினம் வந்தான்," என்றார் வால்ட். "நான்தான் எழுதல."

"எழுதலைன்னா உங்க வேலையை நீங்க செய்யலைன்னு அர்த்தம், வால்ட். இல்லைன்னா இப்பப் பொய் சொல்றீங்கன்னு அர்த்தம். இதுல எதுன்னு வக்கீல் கேட்டா என்ன சொல்வீங்க?"

டெல்பர்ட் பதிவேட்டைப் பார்த்தான், பிறகு வால்டைப் பார்த்தான்.

"இதை யாரு குடுத்தது?"

"கேட்டாரு. குடுத்தேன்."

டெல்பர்ட் தலையை ஆட்டினான், சந்தேகப்பட்டது சரியாகிவிட்டதுபோல. கையெழுத்துப் போடவில்லை. புத்தகத்தை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தான்.

"வக்கீலுக்குக் காட்டற துண்டு இதுதான். பாருங்க, என்ன அழகா ஓடறான்," என்று ஹன்ட்லி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கருவியைத் தட்டினார். வெள்ளைச் சுவரில் எழுபத்தொன்பது குனிந்தது, சறுக்கியது, எதிராளியைத் தூக்கிப் புல்லில் போட்டது. ஹன்ட்லி சுருளைப் பின்னுக்குச் சுற்றினார். விழுந்தவன் எழுந்தான், எழுபத்தொன்பது மறுபடி குனிந்தது.

திரைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. வால்ட் அதன் வழியே பார்த்தார். வாசலில் ஐந்தே படிகள். டெல்பர்ட் கட்டடத்தைப் பார்த்தபடி திரும்பி, பிள்ளைகளுக்காகத் தாழ்வாகப் போட்ட கைப்பிடியை ஒரு கையால் பற்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தான். வலது காலைக் கால்சட்டைத் துணியோடு பிடித்துத் தூக்கி முதலில் கீழ்ப் படியில் வைத்து, பிறகு இடது காலை இறக்கினான். அவன் மூன்றாவது படிக்கு வருவதற்குள் சுவரில் எழுபத்தொன்பது இரண்டு முறை ஓடி முடித்திருந்தது.