ஒரு வெள்ளைப் பொடி பற்றிய திருத்தம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. நான்கு வரியில் ஒரு திருத்தம் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வார இதழில் இரண்டு பக்கக் கட்டுரை எழுதியிருந்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் காயத்ரியைப் பற்றியும், அவரிடம் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எபினேசரைப் பற்றியும். துத்தநாக ஆக்சைடு என்பது ஒரு வெள்ளைப் பொடி. காந்தத்துக்கு அசையாது. அதையே நானோ அளவுக்கு நுணுக்கினால்* அதற்கும் மெல்லிய காந்தத்தன்மை வருகிறது என்று இருவரும் கண்டுபிடித்ததாக எழுதினேன்.

போன மார்ச்சில் காயத்ரி போன் செய்தார். "நாங்க சொன்னது தப்பு. ஆய்விதழுக்கு எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுட்டோம். நீங்களும் ஒரு திருத்தம் போட்டுடுங்க."

இதழின் ஆசிரியரிடம் கேட்டேன். சிரித்தார். "பழைய கட்டுரைக்குத் திருத்தம் போட்டா யார் படிப்பா? கதையா எழுதிக் குடுங்க, போடுறேன்."

ஆகவே இது கதை. ஆனால் இதற்குள் ஒரு திருத்தம் இருக்கிறது. அது தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

(* ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. பழைய கட்டுரையில் 'கோடியில் ஒரு பங்கு' என்று அளந்திருந்தேன். அதையும் திருத்திக்கொள்ளவும்.)

2

முதல் தொடக்கம்: 'ஆரம்பாக்கத்து வயல்களுக்கு அப்பால், புகைபோக்கிகளின் வரிசை' —

விட்டுவிட்டேன். ரயில் ஜன்னலில் இருந்து யாரும் எழுதக்கூடியது.

இரண்டாவது: 'எபினேசரின் அப்பா கூலிக்கு நடவு நட்ட வயல் காயத்ரியின் குடும்பத்துடையது' —

எழுதியதும் கதை தானாகக் கூடிவந்துவிட்டதுபோல் இருந்தது. ஆனால் அது பொய். காயத்ரி வீட்டு நிலம் ஆரம்பாக்கத்தில். எபினேசரின் அப்பா கூலிக்குப் போனது திருவாலங்காட்டுப் பக்கம். அடித்துவிட்டேன். அடித்த பிறகும் அந்த வாக்கியத்தில் ஏதோ ஓர் உண்மை மிச்சமிருந்தது. அதற்கு வருகிறேன்.

3

எபினேசருக்கு ஐம்பத்தாறு வயது. ஓர் உருக்காலையில் கெமிஸ்ட். உலையில் உருகிக் கிடக்கும் இரும்பில் நீண்ட கரண்டியை விட்டு மாதிரி எடுத்து, அதில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்பவர். தபால்வழியில் எம்.எஸ்ஸி. முடித்தவர். காலை ஆறு மணி ஷிப்டு இரண்டுக்கு முடியும். மூன்றுக்கெல்லாம் பைக்கில் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டு, கல்வத்தின்மேல் குனிந்து ஒரு மணிநேரம் பொடியை அரைப்பார். காயத்ரி அவரைவிடப் பதினாறு வயது இளையவர். அவர் இவரை 'மேடம்' என்பார், இவர் அவரை 'எபினேசர் சார்' என்பார்.

வெளிநாட்டு ஆய்விதழில் கட்டுரை வந்தபோது எபினேசர் என்னிடம் சொன்னது: "ஊட்டு வாசல்ல டாக்டர்னு போர்டு மாட்டணும்னு எல்லாம் ஆசை இல்ல சார். பேப்பர்ல என் பேரு முதல்ல கீது. அது போதும்."

4

முழங்கால் அறுவைசிகிச்சைக்காக எபினேசர் இரண்டு மாதம் விடுப்பில் இருந்தார். அப்போது வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்று, 'எங்களுக்கு அந்தக் காந்தத்தன்மை வரவில்லை, உங்கள் பொடியில் கொஞ்சம் அனுப்ப முடியுமா' என்று கேட்டது. எபினேசரின் நோட்டைப் பார்த்துக் காயத்ரியே செய்தார். சென்னைக்கு அனுப்பி அளந்தார்கள். பூஜ்யம். மறுபடி செய்தார். பூஜ்யம். மூன்றாம் முறையும் பூஜ்யம்.

எபினேசர் திரும்பி வந்து செய்த முதல் பொடியில் காந்தம் இருந்தது.

காயத்ரி தண்ணீரை மாற்றிப் பார்த்தார், அமிலத்தை மாற்றினார், உலையைத் துடைத்தார், இடுக்கியைக்கூட பிளாஸ்டிக்கில் வாங்கினார். மிச்சம் இருந்த ஒரே வித்தியாசம், செய்த ஆள்.

தூள் உப்பின் ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு எடைக்கு இரும்பு விழுந்தால் போதும், ஒரு கிராம் பொடியே காந்தம்போல் நடிக்கும். காயத்ரிக்கு அது புரிந்துவிட்டது. புரிந்தும் இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை.

5

இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. அடுத்த மாதம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அவருடைய பத்து வருட உழைப்பில் ஊர் அறிந்தது அந்த ஒரு கட்டுரைதான். அதனால்தானே? கேட்டேவிட்டேன்.

"அதுவும் இருந்துச்சு," என்றார். "இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது மட்டும் இல்ல."

பிறகு சொன்னார்: "எங்க வீட்டுப் பின்வாசல்ல கூலியாளுங்களுக்குன்னு தனி டம்ளர் இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். இப்ப நான் போய் அவர்கிட்ட, உங்க கை பட்டு அசுத்தமாயிடுச்சுன்னு எந்த வாயால சொல்றது? அறிவியல்ல அதுக்கு வேற வார்த்தையே இல்லையேன்னு இருந்துச்சு."

(நான் அடித்த வாக்கியத்தில் மிச்சமிருந்தது இதுதான்.)

6

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எபினேசர் வந்தார். மேசைமேல் பாலித்தீன் கவரில் சுற்றிய காந்தம் ஒன்று இருந்தது.

"சார், கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

"இன்னா மேடம், ஜோசியமா?"

காயத்ரி அவருடைய சட்டைக்கையின் மடிப்பைப் பிரித்து, காந்தத்தை அதன்மேல் மெதுவாக ஓட்டினார். கவரின்மேல் கறுப்பாக, பூனைமுடி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது தூள்.

இரும்போடு முப்பது வருடம் வாழ்ந்தவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்க இல்லாதப்ப நான் செஞ்சு பார்த்தேன் சார். மூணு தடவையும் ஜீரோ."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அப்போ காந்தம் பொடியில இல்ல. என் சட்டையில கீது."

"ஆமா சார்."

"எவ்ளோ நாளா தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா நான் அரைச்சிக்கினு கீறேன், நீங்க பார்த்துக்கினு இருந்தீங்க." குரல் உயரவில்லை. "பேப்பர் போனா போது மேடம். இதான் பேஜாரா கீது."

காயத்ரி மன்னிப்புக் கேட்டார். 'எபினேசரின் கண்கள் கலங்கின' —

இந்தப் பகுதியை அவரிடம் காட்டியபோது அடிக்கச் சொன்னார். "நான் அழல சார். டீ குடிக்கப் போனேன்."

டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்து, "லெட்டர் எழுதலாமா?" என்றார்.

7

காயத்ரியின் வரைவில் 'சுற்றுப்புறக் காரணிகளால்' என்று இருந்தது. எபினேசர் அதை அடித்தார்.

"இன்னா மேடம் சுற்றுப்புறம்? கடல்காத்துல வந்துச்சா? இருக்கறத எழுதுங்க."

அவரே எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'முதல் ஆசிரியர் வேலை செய்யும் உருக்காலையின் இரும்புத்தூள், அவருடைய சட்டை வழியாகப் பொடியில் சேர்ந்தது.'

"சேர்ந்ததுன்னு போட்டா போதுமா சார்?"

"இரும்பு வந்து சேந்துச்சு. அவ்ளோதான். அதுல இன்னா அசுத்தம்?"

கடிதம் போனது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பேராசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. எபினேசரின் ஆய்வேட்டில் ஐந்து அத்தியாயங்களில் மூன்று இல்லாமல் போயின. இதுதான் நான் போட வேண்டியிருந்த திருத்தம். போட்டுவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு ஆய்வகத்தைப் பூட்டும்போது எபினேசர் ஒன்று கேட்டார். "சட்டையிலயே இவ்ளோ கீதே மேடம், உள்ள எவ்ளோ இருக்கும்?"

நெஞ்சைத் தொட்டுக்கூடக் காட்டவில்லை, சும்மாதான் கேட்டார் என்று காயத்ரி சொன்னார்.

"தெரியல சார்."

"தெரியலன்னா அளக்கலாமே."

8

இப்போது ஆலைத் தொழிலாளர்களின் சட்டைகளைத் துவைத்த தண்ணீரில் இருந்து தூளைப் பிரித்து அளக்கிறார்கள். அதில் நானோ அளவுத் துகள்களும் இருக்கின்றன. அவ்வளவு சிறியவை மூக்கில் நிற்பதில்லை, நேராக நுரையீரலுக்குப் போகும். இருபது சட்டை தேவை. முதலில் கொடுத்தவர் கிரேன் ஓட்டும் சாலமோன். "எடுத்துக்கோ நைனா. ஆனா இஸ்திரி போட்டுக் குடு," என்றாராம்.

பன்னிரண்டு வந்தன. பிறகு ஆலை மேலாளர் எபினேசரைக் கூப்பிட்டு, வெளியே ஏதோ ஆராய்ச்சி நடக்கிறதாமே என்று விசாரித்தார். அதற்குப் பிறகு ஒரு சட்டையும் வரவில்லை. எபினேசருக்கு இன்னும் இரண்டு வருட சர்வீஸ் இருக்கிறது.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் பட்டம் வாங்குகிறார். மற்றதில் வேலை போகிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், காலை ஐந்து மணிக்கு ஸ்டேஷன் எதிரில் உள்ள டீக்கடையில் அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ரெண்டும் நல்லாத்தான் கீது. ரெண்டுலயும் நான் இல்ல."

"பின்ன எப்படி முடிக்கட்டும்?"

"இன்னும் எட்டு சட்டை வரணும் சார். அது வராம நானே ஒண்ணும் எழுத மாட்டேன். நீங்க எப்படி எழுதுவீங்க?"

தாள்களை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

எனவே முடிவு என்னிடம் இல்லை. அது அந்த எட்டுப் பேரிடம் இருக்கிறது. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த இதழ் கும்மிடிப்பூண்டிக் கடைகளிலும் தொங்கும். அவர்களில் ஒருவர் இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கலாம்.