மூன்று டிக் போதும்

கெர்னலை மாற்றி எழுதுகிறவர்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி உண்டா, அவர்களும் நம்மைப்போல் சாயங்காலமானால் வீட்டுக்குப் போகிறவர்கள்தானா என்று அவளுக்கு அடிக்கடி சந்தேகம் வரும். கணினிக்குள் அடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற நிரல் அது. வாடகைக்கு இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்காரர் அடுப்படியை இடம் மாற்றி வைத்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு புதுக் கெர்னலும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

பச்சைக் குழந்தைகளை எடை போடும் மெஷின் செய்கிற கம்பெனி அது. தட்டுக்குக் கீழே இருக்கும் சென்சாரையும் கெர்னலையும் பேசவைக்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதியவள் அவள். சென்சார் உட்காரும் போர்டைக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பற்றவைப்பவர் அவள் கணவர். ஒரே மெஷினில் இரண்டு பேர் கையும் இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அந்தப் பெருமைதான் இப்போது இருவர் கழுத்தையும் பிடித்தது.

பழைய கெர்னலில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, உடனே மாற்று என்று மூன்று வாரத்துக்கு முன்னால் மேலிடத்து உத்தரவு வந்தது. மாற்றினாள். டிரைவர் ஆறு இடத்தில் முரண்டுபிடித்தது. ஓர் இடத்தில் பெயரை மாற்றியிருந்தார்கள், இன்னோர் இடத்தில் கேட்காமலே எதையோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். முகம் தெரியாதவர்களை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே ஆறையும் சரிசெய்து, விற்பனைக்குத் தயாராக இருந்த நாற்பது மெஷினிலும் ஏற்றி அனுப்பினாள். இரண்டாம் நாள் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள்.

"வேற மெஷின்ல மூணு கிலோ இருந்த குழந்தை பத்து நிமிஷத்துல உங்க மெஷின்ல ரெண்டே முக்கால் ஆயிடுச்சு மேடம். உங்க மெஷின் என்ன, குழந்தையைக் கரைக்குதா?"

வார முடிவில் நாற்பதும் திரும்பி வந்துவிட்டன. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கோளாறு நிரலிலா, போர்டிலா? அவருக்கு வேண்டியது ஒற்றைச் சொல்.

"அளக்கிற பகுதியில ஒரு எழுத்தைக்கூட நான் தொடலை சார். ஆறு வருஷமா ஓடிட்டிருக்கிற புரோகிராம் அது" என்றாள் அவள்.

பொய்யில்லை, முழுக்க உண்மை. ஆனால் நிரல் இல்லையென்றால் போர்டு. அறையில் இருந்த கண்களெல்லாம் அவள் கணவர் பக்கம் திரும்பின. "பாக்கறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

பார்த்தார். ஒரு போர்டை எடுத்து எல்லா இணைப்புகளையும் திரும்பப் பற்றவைத்தார். குழந்தைக்குப் பதிலாகத் தட்டில் வைக்கிற இரண்டு கிலோ பித்தளைக் கல்லை வைத்தால், சரியாக இரண்டு கிலோ! எல்லோரும் மூச்சு விட்டார்கள். டீ குடித்துவிட்டு வந்து வைத்தால் ஒன்றே முக்கால். மறுபடி பற்றவைத்தார், சரியாக வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி தப்பு. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பற்றவைத்தால் சரியாகிறது, எனவே குற்றம் பற்றவைப்பில்தான் என்று ஊரே முடிவுகட்டியது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் போர்டு வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிடுவேன் என்றார் மேனேஜர். அதாவது, அவள் கணவருக்கு அங்கே வேலை இல்லை.

நடுவில் ஒருநாள் அவர் வீட்டில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பழைய கெர்னல் இருக்கிற மெமரி கார்டு ஒண்ணு போட்டுத்தான் பாரேன்?"

"பழசையெல்லாம் அழிக்கச் சொல்லி அழிச்சாச்சு. என் வேலை எனக்குத் தெரியும். நீங்க முதல்ல கையை நிதானமா வச்சு வேலை பாருங்க."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் திரும்ப எடுக்க வீம்பு விடவில்லை. அன்று முதல் வீட்டில் பேச்செல்லாம் மகள் வழியாகத்தான்.

"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"நீயே சொல்லேம்மா, உன் பக்கத்துலதானே நிக்கறாரு!"

வெள்ளிக்கிழமை காலை அவர் ஷூவை மாட்டிக்கொண்டே, மகளைப் பார்த்து, "இன்னிக்கு ஒரு முடிவு சொல்லிடறேன்" என்றார். என்ன முடிவு என்று அவள் கேட்கவில்லை.

ஆபீஸ் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், வருகிறவர்கள் பார்ப்பதற்காக ஒரு மெஷின் உட்கார்ந்திருந்தது. தினமும் அதைக் கடந்துதான் போகிறாள். அன்றைக்குத்தான் உறைத்தது: இதற்கு யாரும் புதுக் கெர்னல் ஏற்றியிருக்க மாட்டார்கள்! அதன் மெமரி கார்டைக் கழற்றி, திரும்பி வந்த மெஷின் ஒன்றில் போட்டாள். நல்லெண்ணத்தில் அல்ல. பழைய கார்டிலும் தப்பாகத்தான் காட்டும், அதை அவர் முகத்துக்கு நேரே காட்டி வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் நினைப்பு.

இருபது முறை கல்லை வைத்தாள். இருபது முறையும் இரண்டு கிலோ. டீ குடித்துவிட்டு வந்து வைத்தாள், இரண்டு கிலோ.

இரண்டு கெர்னல்களின் அமைப்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, வேறுபடும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். கண் பூத்துப்போன நேரத்தில் ஒரு வரி வந்தது. பழைய கெர்னலின் உள்கடிகாரம் நொடிக்கு இருநூற்றைம்பது முறை டிக் அடிக்கும். புதியது ஆயிரம் முறை.

தன் டிரைவரைத் திறந்தாள். சென்சாரை எழுப்பிவிட்டபின் அது நிதானத்துக்கு வரப் பத்து மில்லி செகண்டாவது காத்திருக்க வேண்டும். பத்து மில்லி செகண்ட் என்று நேரமாகவே சொல்லியிருந்தால் கெர்னலே தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டிருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால், தெரியாததா என்ற தெனாவெட்டில், மூன்று டிக் என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: 'இது போதும்.' அன்றைக்கு மூன்று டிக் என்றால் பன்னிரண்டு மில்லி செகண்ட். இன்றைக்கு வெறும் மூன்று. சென்சார் கண்ணைத் திறக்குமுன் எடையைக் கேட்டால் அது பாவம் என்ன சொல்லும்? பற்றவைத்த சூடு ஆறாத போர்டில் மட்டும் அது சீக்கிரம் விழித்துக்கொண்டது. அந்தச் சூட்டைத்தான் எல்லோரும் அவருடைய குற்றத்துக்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

வரியைத் திருத்த ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புதுக் கார்டில் ஏற்றிப் பார்த்தாள், சரியாக வந்தது. படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினாள். அவர் மேஜை துடைத்துவைத்தாற்போல் காலியாக இருந்தது. பக்கத்து மேஜைப் பெண் நிமிராமல் சொன்னாள்: "அண்ணன் பேக்கிங் செக்ஷன்ல இருக்காருக்கா. போர்டு வேலை வேணாம், இங்க மாத்துங்கன்னு காலையிலேயே எழுதிக் குடுத்துட்டாரு."

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று அவர் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"போர்டு இல்லைங்க. என் புரோகிராம்தான். நான் எழுதின ஒரே ஒரு வரி" என்றாள். மூச்சு வாங்கியது. கார்டு, டிக், சூடு என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "நான்தான் தப்பு பண்ணேன். இப்பவே மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிடறேன். நீங்களும் வாங்க, அந்த லெட்டரைத் திரும்ப வாங்கிடலாம்."

அவர் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போயிருந்தேன்" என்றார்.

"எதுக்கு?"

"கை நடுங்குதான்னு பாக்க."

"என்ன சொன்னாரு?"

"ஒரு குறையும் இல்லைன்னாரு. நான் அவரை நம்பலை, உன்னைத்தான் நம்பினேன்."