ஊறவைத்த சீமெந்து

எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் செய்துவைத்தவர் எவரும் இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு ஸ்கந்தபுரத்தில் குடியேறினோம் என்பதற்காக அந்த வழக்கம் மாறக் கூடாது. அறுபதாம் ஆண்டு என் மகள் சிவனேஸ்வரிக்குச் சம்பந்தம் பொருந்தியதும், நாங்கள் குடியிருந்த ஓலைக் கொட்டிலுக்கு அருகிலேயே வீடு கட்டத் தொடங்கினேன். மனைவியின் தம்பி ஐயாத்துரை துணைக்கு வந்தான்.

சுவர்களைச் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு எழுப்பினோம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சம்பந்தி மயில்வாகனத்தார் வீட்டு முன்வாசலுக்கு மேலே கொங்கிறீற் தட்டு ஒன்று நீட்டி நின்றது. எங்கள் வீட்டில் அது இல்லாமல் இருக்கலாமா?

ஊரில் நாங்கள் சுண்ணாம்பால் கட்டியவர்கள், சீமெந்தைத் தொட்டறியோம். சுண்ணாம்புச் சாந்தை ஈரச்சாக்கால் மூடி ஊறவைத்தால்தான் நன்றாகப் பிடிக்கும். சீமெந்துக்கும் அதையே செய்தோம். மாலையில் மணலோடு குழைத்து மூடினோம். காலையில் இறுகிக் கிடந்ததை மண்வெட்டியால் உடைத்து, தண்ணீர் விட்டு இளக்கி, கல் சேர்த்து வார்த்தோம். இறுகியதைக் கண்டு, நல்ல சாமான் என்று ஐயாத்துரை மெச்சினான்.

சம்பந்தி வீட்டார் வீடு பார்க்க வருவதற்கு முந்தின நாள், மாவிலை கட்டுவதற்காகத் தட்டின் விளிம்பில் ஆணி அடிக்கப் போனேன். சுத்தியல் தேவைப்படவில்லை. விரலால் அழுத்தவே ஆணி உள்ளே போயிற்று. இழுத்தபோது ஒரு பிடி தூள் முகத்தில் கொட்டியது. தட்டைத் தாங்கி நின்றவை கீழே கொடுத்திருந்த மர முண்டுக்கால்கள் மட்டுமே.

மிஞ்சிய சீமெந்தில் கொஞ்சம் குழைத்து, ஊறவிடாமல் உடனே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இட்டேன். அன்று முழுவதும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வயலுக்குப் புறப்படுவேன், பாதியில் திரும்புவேன். சிரட்டையை நகத்தால் கீறுவேன், தட்டை அண்ணாந்து பார்ப்பேன். விடிந்தபோது சிரட்டையில் இருந்தது கல். ஊறவைத்ததுதான் பிழை.

ஐயாத்துரை ஒரு வழி சொன்னான். முண்டுக்கால்களுக்கு வெள்ளை வேட்டி சுற்றி வாழை கட்டினால் சோடனை என்றே நினைப்பார்கள்; மற்றதைக் கல்யாணம் முடியப் பார்க்கலாம். எனக்கும் அது சரியாகவே பட்டது. வேட்டிகளைக் கொண்டுவரச் சொன்னேன்.

மகள் கொண்டுவந்தாள். என் கையில் தரவில்லை.

"ஐயா, கலியாணம் முடிய நீங்கள் கொட்டிலுக்குப் போயிடுவியள். உந்தத் தட்டுக்குக் கீழால போய்வாறது நானெல்லோ."

"மாமன் பாத்துக்கொள்ளுவன் எண்டுறான்."

"சீமெந்தையும் மாமாதானே பாத்தவர்."

ஐயாத்துரை வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குக் கோபம் வந்தது; ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் எருமைகளை அவிழ்த்து வந்தேன். வடக்கயிற்றை முண்டுக்கால்களில் கட்டி, மறுமுனையை எருமைகளின் நுகத்தில் பூட்டினேன். அதற்குள் சம்பந்தியின் கார் வேலிப் படலையில் வந்து நின்றுவிட்டது. அவர்களை அங்கேயே நிற்கும்படி கைகாட்டிவிட்டு எருமைகளை ஓட்டினேன்.

தட்டு ஒரேயடியாக விழுந்தது. புழுதி அடங்கியதும் அவர்கள் உள்ளே வந்தார்கள்.

"என்ன சம்பந்தி, எங்களுக்கு வெடி கொளுத்தினியளோ?" என்றார் மயில்வாகனத்தார்.

"பிழையாப் போட்டது. பிள்ளை இருக்கிற வீடு. அதுதான் விழுத்தினனான். பின்னால குசினி வாசலால வாங்கோ."

அவர் குனிந்து ஒரு துண்டை எடுத்து விரல்களால் நசுக்கினார். அது மாவாகக் கொட்டியது. அவர் சிவனேஸ்வரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலை குனியவில்லை.

கையைத் தட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கமாகச் சுற்றிப் போய், குசினி வாசலில் செருப்பைக் கழற்றினார்.