பதினோரு ஊசிகளும் இல்லாத கம்பவுண்டரும்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஆவணியில், 1998இல், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில். எதிர் வரிசையில் என் அண்ணி தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இலைக்காரர் தண்ணீர் டம்ளரை எடுத்ததும் அவர் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அது போர் தண்ணி பெரிப்பா, குடிக்காதீங்க" என்று தன் கூடையிலிருந்த பாட்டிலைத் திறந்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள்.

சாம்பார் வாளியோடு நின்ற சொந்தக்காரி ஒருத்தி சிரித்தாள். "மாமனாருக்குத் தண்ணி குடுத்தே அனுப்பி வச்சவளாச்சே. பயம் இருக்காதா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். செத்துப்போன அந்த மாமனார் என் அப்பா. நான் வடையை மென்றுகொண்டிருந்தேன். வாயில் வடை இருந்ததால் பேசவில்லை என்று எழுத ஆசைதான். எட்டு வருஷமாகவா வடை மெல்வார்கள்?

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"முடிச்சூர் சாலையில் கம்பவுண்டர் வேதாசலத்தின் கடைக்கு எப்போதும் கூட்டம். மூட்டு வலி என்று யார் போனாலும் அவர் ஒரே ஊசியைத்தான்—"

இதோடு நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். மூன்று பக்கம் எழுதினேன். வேதாசலத்துக்கு வெற்றிலைக் கறை பிடித்த பல், கறுத்த விரல் நகம், ஓயாத சிரிப்பு எல்லாம் கொடுத்தேன். நீங்கள் அவரை உடனே வெறுத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு அவர் ஊசி போடப் போட எனக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் எனக்கே வெட்கமாகப் போயிற்று.

[வேதாசலம் என்று ஒருவர் இல்லை. அடித்துவிடவும். நகங்களையும் சேர்த்து.]

3

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். பெயர் துளசிங்கம். முடிச்சூரில் நெல் போட்டவர். எண்பத்தாறில் எங்கள் நிலம் மனைகளாகி, வரப்பு இருந்த இடத்தில் வெள்ளைக் கல் நட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்கு வெளியே போக வேலை இல்லை. வீட்டுக்குள் நாற்காலி, நாற்காலிக்கு எதிரில் டிவி. அறுபத்தேழு வயதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அம்மா முன்பே போய்விட்டாள். அண்ணனும் அண்ணியும்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் மெடிக்கல் ரெப். கழுத்தில் டை, கையில் தோல் பை, பைக்குள் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட சாம்பிள் மருந்துகள். டாக்டர்களுக்குக் கொடுக்க வேண்டியவை. ரெப் இருக்கிற வீட்டில் யாரும் மருந்து வாங்குவதில்லை, யாரும் டாக்டரிடம் போவதும் இல்லை. பையைத் திறப்போம், அவ்வளவுதான். எந்த மருந்து மீந்ததோ அந்த வியாதிதான் அந்த மாதம் எங்கள் வீட்டில் வரும். என் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

எண்பத்தொன்பது கடைசியில் மீந்தது வைட்டமின் டி ஊசி. ஆறு லட்சம் யூனிட், எண்ணெயில் கரைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரிஞ்சைக் கொதிக்கவைத்து எடுத்தேன்.

"இன்னாடா இது, எண்ணெ மாதிரி கீது?"

"சத்து ஊசிப்பா. எலும்புக்கு. வெயில் பட்டா உடம்புல ஊறுமே, அந்தச் சத்து."

"அம்பது வருசம் வெயில்லதானடா நின்னேன்?"

"இப்ப வீட்டுக்குள்ளதானப்பா இருக்கீங்க."

என் பதிலில் தப்பில்லை. வயதானவர்கள் வெயில் படாமல் கிடந்தால் அந்தச் சத்து குறையும். ஆனால் அப்பாவுக்குக் குறைந்திருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.*

(* ரத்தத்தில் அதைப் பார்க்கிற இடம் அப்போது தாம்பரத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். பையில்தான் மருந்து இருந்ததே.)

ஒரு வாரத்தில் அப்பா தெருமுனை வரை நடந்தார். ஊசியாலா, மகன் கையால் போட்டான் என்கிற சந்தோஷத்தாலா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "எம்புள்ள மருந்து" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அடுத்த ஊசிக்கு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். நான் ஒவ்வொரு ஞாயிறும் போட்டேன். பதினொன்று. கூடவே கால்சியம் மாத்திரையும் கொடுத்தேன், அதுவும் சாம்பிள்தான்.

4

இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை தேவைப்படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சத்து அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். ஏறியதை வெளியே தள்ளச் சிறுநீரகம் கிடந்து திண்டாடும். இளம் உடம்பென்றால் சில சமயம் தாங்கும். அறுபது வயதுக்கு மேல் சிறுநீரகமே பாதி களைத்திருக்கும். ஊசி எண்ணெயில் கரைந்தது என்பதால் கொழுப்பில் போய்த் தங்கிவிடும், நிறுத்தினாலும் மாதக்கணக்கில் வேலை செய்யும்.

இவ்வளவும் பிற்பாடு படித்தது என்று எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். கம்பெனிப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். கடைசி நாள் பரீட்சையில் 'அதிகமானால் தோன்றும் அறிகுறிகள் யாவை?' என்று ஒரு கேள்வி. தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, சோர்வு என்று வரிசையாக எழுதினேன். பத்துக்கு ஒன்பது போட்டார்கள். மனக்குழப்பம் என்பதை விட்டதற்கு ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்.

[மருந்தின் துண்டுப் பிரசுரத்தில் இதெல்லாம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். டாக்டரிடம் காட்டும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வோம். நாளாக ஆக விரல் தானாகவே அங்கே போய்விடும்.]

எட்டாவது ஊசிக்குப் பிறகு அப்பாவுக்குத் தாகம் ஆரம்பித்தது.

"தையலு, தண்ணி குடும்மா."

"இப்பதான மாமா ஒரு சொம்பு குடிச்சீங்க?"

"நாக்கு ஒட்டிக்கினு கீதும்மா."

நல்ல தண்ணீருக்கு அரை மைல் தள்ளிக் கை பம்புக்குப் போக வேண்டும். தினம் இரண்டு குடம் அதுவரை போதுமாக இருந்தது. இப்போது நாலு குடமும் போதவில்லை. இடுப்பு வலியோடு ஒரு வாரம் நடந்து பார்த்துவிட்டு, அண்ணி வீட்டு போரில் வந்த உப்புத் தண்ணீரைக் கொடுக்க ஆரம்பித்தாள்.

அப்பா வாந்தி எடுத்தார். சோர்ந்து படுத்தார். நான் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது வாங்கியவன் பார்த்தேன். சோர்வாக இருக்கிறாரே, சத்து போதவில்லை என்று ஒன்பதாவதையும் பத்தாவதையும் பதினோராவதையும் போட்டேன்.

5

இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது இது.

நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் கஸ்தூரிரங்கன். மாதா மாதம் நான் பையோடு அவர் அறை வாசலில் நிற்கிறவன், அவருக்கு என்னைத் தெரியும். ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு தடவை பார்த்தார்.

"கிட்னி ரொம்ப மோசமா இருக்கு. கால்சியம் பதினாலு. எப்படி இவ்வளவு ஏறும்? ஊசி, டானிக், நாட்டு மருந்து ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. நீ ரெப்தானே, உனக்குத் தெரியாதா? காரணம் தெரிஞ்சா எதையாவது செய்ய வழி இருக்கு."

அப்போது நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், ஆனால்

இல்லை. வாயெடுக்கவில்லை. சாம்பிளை வீட்டில் போட்டது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அது பாதிதான். மீதி, படுக்கையில் கிடந்த அப்பா. ஆள் அடையாளம் பாதி தெரியாத நிலையிலும் டாக்டரிடம் என்னைக் காட்டி, "எம்புள்ளையும் டாக்டரு மாதிரிதான் சார்" என்றார். அந்தப் பேச்சைக் காப்பாற்றிக்கொண்டேன். ஆளை விட்டுவிட்டேன். "ஒண்ணும் இல்ல சார்" என்று இன்னொரு தடவை சொன்னேன்.

பின்னாலிருந்து அண்ணி முன்னே வந்தாள். என் ஊசிகள் அவளுக்கும் தெரியும், சத்து ஊசியில் கெடுதல் இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. "தண்ணிதான் சார். நாந்தான் போர் தண்ணி குடுத்தேன். இடுப்பு வலிக்குதுன்னு பம்புக்குப் போவல."

"தண்ணியால இவ்வளவு ஏறாதும்மா" என்றார் டாக்டர்.

அவர் அதை ஒரு தடவைதான் சொன்னார். அண்ணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுததில் அது அவள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. பதினாறாவது நாள் அப்பா போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அண்ணியே "தண்ணிதான்" என்றாள். நான் பக்கத்தில் துண்டோடு நின்றேன்.

6

முடிவுகள்.

(அ) நான் முடிச்சூருக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். அண்ணி அழுது, என்னை மன்னிக்கிறாள். [அவளுக்கு அந்த வேலையையும் வைக்க எனக்கென்ன உரிமை?]

(ஆ) சொல்கிறேன். அண்ணி காலில் கிடப்பதைக் கழற்றி அடிக்கிறாள். [இது என் ஆசை. அடி வாங்கினால் கணக்கு தீர்ந்தது என்று நினைக்கிறவனின் ஆசை.]

(இ) நிஜமாக நடக்கப்போவது. கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்புவேன். நீங்கள் படிப்பீர்கள். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று தெரிந்துதான் இதைக் கதையாக எழுதினேன்.

சேலையூரில் என் வீட்டிலிருந்து முடிச்சூருக்கு அரை மணி நேர பஸ். எட்டு வருஷத்தில் அந்த பஸ்ஸில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். தீபாவளிக்குப் புடவையோடு போய், சாப்பிட்டுவிட்டு வருவேன். "தம்பி, காச்சின தண்ணிதான், தைரியமா குடிங்க" என்பாள்.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். முடிச்சூரில் தையல்நாயகி வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். குடிக்கத் தண்ணீர் கேளுங்கள், கொடுப்பாள். குடித்துவிட்டு ஐந்தாம் பகுதியை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். முழுவதும் முடியாவிட்டால் டாக்டர் சொன்ன அந்த ஒரு வரியை மட்டுமாவது. இதை எழுதினது யார் என்று கேட்பாள். கதைக்கு மேலே அச்சாகப்போவது புனைபெயர், அதைச் சொல்லாதீர்கள். என் பெயர் ஏகநாதன்.