மூத்த பங்காளி மீன்

அவளுடைய ஆய்வுக்கூடத் தொட்டிகளில் இரண்டு வகை மீன்கள் இருந்தன. இரண்டும் விரல் நீளம், முதுகில் முள், பார்த்தால் கூடப்பிறந்தவை போலிருக்கும். ஒன்றுக்கு விலாவில் தகடு தகடாகக் கவசம். அதை 'வீரன்' என்பாள். மற்றதற்குத் தோல் மெல்லியது, பாசியை விட்டு வெளியே வரவே யோசிக்கும், அது 'பயந்தாங்கொள்ளி'.

கெட்டிக்காரத்தனம் என்னவோ பயந்தாங்கொள்ளியிடம்தான். ஒரு மீனைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் விட்டு, தொட்டியின் இரு முனைகளிலும் வேறு மீன்கள் இரை தின்பதைப் பார்க்க வைப்பாள். ஒரு முனையில் புழு தாராளமாக விழும், மறுமுனையில் பேருக்கு விழும். பிறகு தின்ற மீன்களை அப்புறப்படுத்தி, தண்ணீரை மாற்றி, தடுப்பைத் தூக்குவாள். பயந்தாங்கொள்ளி, விருந்து நடந்த பக்கம் நேரே போய் நிற்கும். வீரனோ துடுப்பு போன போக்கில் போவான்.

அடுத்தவரைப் பார்த்துப் படிக்கும் இந்தப் புத்தி, பயந்தாங்கொள்ளியின் வம்சத்தில் புதிதாக முளைத்தது என்று அவள் எழுதினாள். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் ஒப்பவில்லை. இரண்டுக்கும் பொதுவான மூதாதையிடமே அது இருந்தது, வீரன்தான் வழியில் தொலைத்துவிட்டான் என்றார். அவள் எதை எழுதினாலும் அவர் பதில் 'ஆனால்' என்றே தொடங்கும். அவள் வீட்டில் அவருக்குப் பெயரே 'ஆனால்' சார்.

வழக்கைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. இந்த இரண்டும் பிரிவதற்கு முன்பே கிளை பிரிந்துபோன மூத்த பங்காளி மீனைச் சோதிக்க வேண்டும். அதற்கும் அந்தப் புத்தி இருந்தால் அவர் சொன்னது வலுக்கும். இல்லாவிட்டால் அவள் சொன்னது. அந்த மீன் கிடைப்பதோ, 'ஆனால்' சார் ஊர்க் குளங்களில்.

"போயும் போயும் அவர்கிட்டயா கேக்கறது?" என்று சாப்பாட்டு மேஜையில் புலம்பினாள்.

"கேட்டா என்ன, கடிச்சா தின்னுடுவாரு?" கணவன் போனை எடுத்து அவள் கையில் வைத்தான்.

பேராசிரியர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். "தரேன். ஆனா..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"...பார்சல்ல போட்டா செத்துடும்மா. நானே கொண்டு வரேன்."

சொன்னபடியே ரயிலில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், முழங்கை வரை சட்டை நனைந்திருந்தது. மீன் பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை.

"பாதி வழியில காத்து மோட்டார் மக்கர் பண்ணிடுச்சு. தண்ணியில காத்து கலக்கணுமேன்னு டம்ளரால மொண்டு மொண்டு மேலேர்ந்து ஊத்திக்கிட்டே வந்தேன். பக்கத்துல இருந்த அம்மா, இவனுக்குக் கிறுக்குன்னு நெனச்சு இடம் மாறி உக்காந்துட்டாங்க."

அவர் மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெட்டியில் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

"சார், இந்த மீனே உங்களைப் பொய்யாக்கிட்டா?"

"ஆக்கட்டுமே. என்னன்னு தெரியணுமில்ல?"

மீன்கள் புது இடத்துக்குப் பழகியதும் சோதனை தொடங்கியது. அவர் மூலையில் நாற்காலி போட்டு மூச்சுவிடாமல் பார்த்தார். தடுப்பு தூக்கப்பட்டதும் பங்காளி மீன்கள் ஆளுக்கொரு திசையில் போயின. எத்தனை மீனை மாற்றி விட்டும் அதே கதைதான். விருந்து நடந்த பக்கத்தை அவை சட்டை செய்யவே இல்லை.

முதலில் சிரித்தவர் அவர்தான். "போச்சு, என் கட்சி படுத்துடுச்சு! விருந்துப் பக்கத்தை மாத்தி இன்னொரு தடவை விடும்மா. சந்தேகமே இருக்கக் கூடாது."

அப்படியே செய்தார்கள். முடிவு மாறவில்லை. ஜெயித்தால் குதிக்க வேண்டும் என்று அவள் பல காலமாக நினைத்திருந்தாள். இப்போது போய் வெந்நீரில் துணி நனைத்துக் கொண்டுவந்து, இன்னும் வீக்கம் வடியாத அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

ஊருக்குக் கிளம்பும்போது, "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார்" என்றாள்.

"நான்தாம்மா சொல்லணும். தப்பான பாதையில இன்னும் எத்தனை வருஷம் நடந்திருப்பேனோ!"

ரயில் நகர்ந்தது. அவர் வீங்காத கையை ஆட்டினார். கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையும் வரை அவள் நடைமேடையிலேயே நின்றிருந்தாள்.