அம்மணி மிதித்த குளம்

நந்தகுமார் சேலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். மாட்டை அவன் அதிகம் பார்த்தது பால் பாக்கெட்டின் மேல்தான். ஆவணியில் அவனுக்கும் வித்யாவுக்கும் கல்யாணம் ஆனது. தை மாதம் தலைப் பொங்கலுக்கு, சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த மாமனார் காளியண்ணனின் தோட்டத்துக்குப் பட்டு வேட்டியோடு வந்து இறங்கினான்.

தோட்டம் ரெண்டு ஏக்கர்தான். ஒன்றரை ஏக்கரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மீதியில் வீடும் தென்னையும் மாட்டுக்கொட்டகையும். ஆனால் குடும்பம் அந்த ரெண்டு ஏக்கரில் அடங்குகிற குடும்பம் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையம் அணைக்குப் போனால் இவர்களுக்கு மட்டுமே தனியாக ஒரு வேன் வேண்டும். பொங்கல் என்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்களுடைய பிள்ளைகள் என்று முப்பது பேருக்குக் குறையாமல் வந்துவிடுவார்கள். பாய் போதாமல் தார்ப்பாயை விரித்துப் படுப்பார்கள்.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம்தான் இந்த வீட்டில் பெரிய விசேஷம். அதைப் பட்டிப் பொங்கல் என்பார்கள். தோட்டத்தில் ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்குச் சின்னதாகத் தெப்பக்குளம் வெட்டி, சாணத்தால் கரை கட்டி, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைத்து, உள்ளே தண்ணீரும் பாலும் ஊற்றுவார்கள். வீட்டுக் கன்றுக்குட்டி அதற்குள் கால் வைத்து மிதித்துக்கொண்டு போக வேண்டும். அப்படி மிதித்தால் அந்த வருடம் பட்டியில் மாடு கன்று பெருகும். கன்று மிதிக்கும்வரை யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது காளியண்ணன் போட்ட சட்டம். காலையில் ரெண்டு இட்டிலி தின்றதோடு சரி, முப்பது பேரும் பட்டினியாக நின்றிருந்தார்கள்.

கன்றுக்குட்டி பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கலப்பினப் பசுவின் கன்று. வித்யாவின் அம்மா சென்னியம்மாள் அதற்கு அம்மணி என்று பேர் வைத்து, சிமெண்டுத் தரையில் ரப்பர் பாய் போட்டு, கொசு கடிக்காமல் இருக்க மின்விசிறியும் வைத்து வளர்த்து வந்தாள். அதனால் அம்மணிக்கு மண் என்றாலே ஆகாது. ஈரம் அதைவிட ஆகாது.

"மாப்பிள்ளைதானுங்க கயித்தைப் புடிக்கோணும். தலைப் பொங்கலுக்கு வந்தவங்க கையால நடந்தா விசேஷம்" என்றார் காளியண்ணன்.

நந்தகுமார் கயிற்றை வாங்கி, நழுவிவிடக் கூடாதே என்று மணிக்கட்டில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். அம்மணி குளத்தங்கரை வரை ஒழுங்காக வந்தது. குனிந்து தண்ணீரை மோந்து பார்த்தது. பிறகு முன்னங்காலை ஒன்று மாற்றி ஒன்று தூக்கி உதறிவிட்டு, கரையை அலங்கரித்திருந்த ஆவாரம்பூவைத் தின்ன ஆரம்பித்தது.

"தள்ளுங்க மாப்பிள்ளை."

தள்ளினான். அது அவன் மேலேயே சாய்ந்துகொண்டு தின்றது.

காளியண்ணனின் தம்பி அன்பரசு முன்னால் வந்தார். அவர் போர்வெல் லாரி வைத்திருப்பவர். எதையும் மிஷின் கணக்கில்தான் யோசிப்பார்.

"அண்ணா, இது லோடு இழுக்காத வண்டிங்க. எதுத்தாப்புல ஒரு வாழைப்பழத்தைக் காட்டுனா தானா வரும்."

பழத்தைக் காட்டினார்கள். அம்மணி குளத்தைச் சுற்றி நடந்து வந்து பழத்தைத் தின்றது. எதிர்க் கரையில் இன்னொரு பழம் வைத்தார்கள். மறுபடி சுற்றி வந்து தின்றது. ஒரு சீப்பு இப்படித் தீர்ந்த பிறகுதான், பசியோடு நிற்கிற முப்பது பேருக்கு நடுவே கன்றுக்குட்டி மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் உறைத்தது.

"ரெண்டு பக்கமும் ஆள் நில்லுங்க. சுத்தி வர வழியே இருக்கப்படாது" என்றார் அன்பரசு.

குளத்தின் ரெண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். இப்போது குளத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். அம்மணி எல்லோரையும் ஒரு முறை பார்த்தது. நாலு காலையும் சேர்த்து ஒரு துள்ளுத் துள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் குளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றது.

"சரி, குளத்தைக் கடந்திருச்சு. எலை போடலாமுங்களா?" என்று கேட்டார் அன்பரசு.

"மிதிக்கலியேடா. மேலாலதான போச்சு."

"போச்சா இல்லீங்களா?"

"மிதிச்சாத்தான் கணக்கு" என்றார் காளியண்ணன்.

அதற்குள் பின்வரிசையில் நின்ற பொடிசுகள் கன்று மிதித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தாம்பாளத்தைத் தட்ட ஆரம்பித்தன. மிதித்தவுடன் தட்டுவது வழக்கம். ஒரு தாம்பாளம் கேட்டதும் பத்துத் தாம்பாளம் சேர்ந்துகொண்டது. அம்மணிக்குப் பிறந்த நாளிலிருந்து மின்விசிறியின் சத்தம் தவிர வேறு சத்தம் பழக்கமில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் பாய்ந்தது. கயிறு நந்தகுமாரின் மணிக்கட்டில் இருந்ததால் அவனும் கூடவே பாய்ந்தான்.

குச்சிக்கிழங்குச் செடி ஆள் உயரத்துக்கு நின்றது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்குச் செடிகள் ஆடுவது மட்டும்தான் தெரிந்தது. நடுவில் ஒரு தடவை பட்டு வேட்டி மேலே வந்து மறைந்தது. "நில்லும்மா, நில்லும்மா" என்று அவன் அந்தக் கன்றிடம் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு ஓடுவது கேட்டது.

காட்டுக்கு அந்தப் பக்கம் ராசம்மாளின் தோட்டம். ராசம்மாள், காளியண்ணனின் பெரியப்பா மகனைக் கட்டியவர். வரப்போரத்தில் இருந்த ஒரு தென்னை மரம் யாருடையது என்பதில் தகராறு வந்து, ரெண்டு வீட்டுக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கள் வீட்டிலும் அப்போது பட்டிப் பொங்கல்தான். குளம் வெட்டிப் பூவெல்லாம் வைத்திருந்தார்கள். ஆனால் மாட்டை விற்றுவிட்டதால் கன்று இல்லை. ஒரு வெள்ளாட்டுக் குட்டியை மிதிக்க வைத்தால் செல்லுமா என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான், செடியை விலக்கிக்கொண்டு அம்மணி வெளியே வந்தது. ஓடி வந்த வேகத்தில் நேராக அவர்கள் குளத்துக்குள் இறங்கி, நாலு காலையும் ஊன்றி நின்று, அதிலிருந்த பாலும் தண்ணீரும் கலந்ததை நிதானமாகக் குடித்தது.

ராசம்மாள் வீட்டார் வெள்ளாட்டுக் குட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். பிறகு தாம்பாளம் முழங்கியது. கன்றின் கழுத்தில் மாலை போட்டார்கள். கயிற்றின் மறுமுனையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நந்தகுமாருக்கும் ஒரு மாலை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். ஊர் பேர் தெரியாத இடத்தில் இவ்வளவு மரியாதை செய்கிறார்களே என்று அவன் எல்லோரையும் கும்பிட்டான்.

"யாருங்க சாமி நீங்க?" என்று கேட்டார் ராசம்மாள்.

"காளியண்ணன் மாமாவோட மாப்பிள்ளைங்க."

ராசம்மாளின் முகத்தில் சிரிப்பு பரவியது. அதே நேரத்தில் காளியண்ணனும் மொத்தக் குடும்பமும் வரப்பில் வந்து நின்றார்கள். வரப்பைத் தாண்டி யாரும் கால் வைக்கவில்லை. ரெண்டு பக்கத்துக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. ஆனாலும் காளியண்ணன் நந்தகுமாரை மட்டும் பார்த்துப் பேசினார்.

"மாப்பிள்ளை, அது எங்கூட்டுக் கன்னுன்னு சொல்லுங்க."

நந்தகுமார் ராசம்மாள் பக்கம் திரும்பினான். "இது அவங்க வீட்டுக் கன்னுங்களாம்."

"தெரியுமுன்னு சொல்லுங்க சாமி. கொளம் எங்களுதுன்னும் சொல்லுங்க."

"தெரியுமாம், மாமா. குளம் அவங்களுதாம்."

"எங்க கன்னு மிதிச்சா எங்க பட்டிதான் பெருகும். அவங்க தட்டத்தைத் தட்டுனது செல்லாதுன்னு சொல்லுங்க."

"எங்க கொளத்துல மிதிச்சதை எங்கிருந்து எடுத்துக் குடுக்கறதுன்னு கேளுங்க. வேணுமின்னா வந்து அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

நந்தகுமார் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். கழுத்து வலித்தது. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்ததாலோ பசி தாங்காததாலோ, அன்பரசு அண்ணனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நங்கையா, உங்கூட்டுல சாப்பாடு ஆச்சுங்களா?" என்று அண்ணி முறையான ராசம்மாளிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

காளியண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அன்பரசு வானத்தைப் பார்த்தார்.

காளியண்ணன் கன்றின் காலைப் பார்த்தார். அதில் ராசம்மாள் வீட்டுக் குளத்துச் சேறு இன்னும் காயாமல் இருந்தது. அந்தச் சேறு காய்வதற்குள் கன்றைக் கொண்டுபோய்த் தன் குளத்தில் நாலு காலையும் நனைத்துவிட்டால், மிதித்ததன் பலன் இந்தப் பக்கம் வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. இது எந்த முறைப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சாப்பாடு இன்னும் தள்ளிப்போகும்.

"தூக்கியாங்க மாப்பிள்ளை. கால் தரையில படப்படாது."

நந்தகுமார் அம்மணியைக் கைகளில் ஏந்தித் தூக்கினான். மூக்குக்கண்ணாடியைத் தவிர வேறு பாரம் தூக்கிப் பழகாதவன் அவன். கன்று ஒரு சிப்பம் அரிசியைவிடக் கனத்தது. முன்னால் காளியண்ணன் செடிகளை விலக்கிக்கொண்டு போனார். பின்னால் குடும்பம் மொத்தமும் ஊர்வலம்போல வந்தது. தூக்கிக்கொண்டு போவது அம்மணிக்குப் பிடித்துப்போனது. நன்றி காட்டுவதற்காக அது அவன் முகத்தை நக்கியது. முதலில் கன்னம், பிறகு அவன் போட்டிருந்த கண்ணாடி. சொரசொரப்பான நாக்கால் ரெண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றி நக்கியதில் நந்தகுமாருக்கு உலகமே பால் நிறமாகிவிட்டது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க மாமா."

"நேரா வாங்க. இன்னுங் கொஞ்சம் வாங்க. சித்தெ வலது பக்கம் வாங்க" என்று காளியண்ணன் லாரி பின்னால் வரும்போது சொல்வதுபோலச் சொன்னார். "இப்ப மெதுவா எறக்குங்க. காலு மட்டும் நனைஞ்சாப் போதும்."

நந்தகுமார் இறக்குவதற்காக ஒரு அடி முன்னால் வைத்தான். அந்த அடி சாணக் கரையின் மேல் பட்டது. கால் வழுக்கியது. அவன் குளத்துக்குள் பொத்தென்று உட்கார்ந்தான். தாம்பாளம் அளவுக் குளம் அவனுக்குச் சரியாக இருந்தது. கன்று அவன் மடியில் இறங்கி, நாலு காலையும் அவன் தொடையிலும் வயிற்றிலும் ஊன்றி நின்றது. அதன் காலில் ஒரு துளித் தண்ணீர்கூடப் படவில்லை.

வித்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"அடிபட்டிருச்சுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டாள் சென்னியம்மாள்.

"இல்லீங்கத்தை. தண்ணி கொஞ்சம் சில்லுன்னு இருக்குதுங்க."

காளியண்ணன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்போது அவருடைய அக்கா பழனியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தார். கூட்டத்தில் மூத்தவர் அவர்தான்.

"இத பாரு தம்பி. கன்னு மாப்பிள்ளைய மிதிச்சிருக்குது. மாப்பிள்ளை கொளத்தை மிதிச்சிருக்கறாரு. ரெண்டையும் சேர்த்தாக் கணக்குச் சரியாப் போச்சு. தட்டத்தைத் தட்டுங்க."

"அக்கா, கன்னு மிதிச்சா மாடு பெருகும். மாப்பிள்ளை மிதிச்சா எது பெருகும்?" என்று கேட்டார் காளியண்ணன்.

"மாப்பிள்ளைங்க பெருகட்டுமுங்க" என்றார் அன்பரசு உடனே. "எனக்கு ரெண்டு புள்ளைங்க கல்யாணத்துக்கு நிக்குதுங்க. பெருகுனா நல்லதுதான்."

காளியண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவருடைய வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது. தாம்பாளங்கள் முழங்கின. "பட்டி பெருகோணும், பால் பானை பொங்கோணும்" என்று முப்பது பேரும் பசியில் அடித்தொண்டையிலிருந்து கத்தினார்கள். குளத்தில் உட்கார்ந்திருந்த நந்தகுமாருக்குக் கற்பூரம் காட்டினார்கள். அவன் உட்கார்ந்தபடியே தொட்டுக் கும்பிட்டுக்கொண்டான்.

பிறகு அவன் மோட்டார் தொட்டியில் குளித்துவிட்டு, அன்பரசு கொடுத்த லுங்கியைக் கட்டிக்கொண்டு நின்றபோது, வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து ராசம்மாள் கூப்பிட்டார்.

"சாமி, இதைக் கொண்டுபோயிக் குடுத்துருங்க. கன்னுக்காரங்களுக்கும் ஒரு வாய் சேர வேண்டாமுங்களா?" ஒரு தூக்குப்போசியை நீட்டினார். உள்ளே சர்க்கரைப் பொங்கல் சூடாக இருந்தது. நெய் மேலே நின்றது.

நந்தகுமார் அதைச் சமையல்கட்டில் சென்னியம்மாளிடம் கொடுத்தான். அவள் போசியைப் பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை. தன்னுடைய பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பந்தியைத் தொடங்கினாள். பந்தி வாசல் முழுக்க நீண்டது. முதல் இலை மாப்பிள்ளைக்கு, ரெண்டாவது காளியண்ணனுக்கு. சென்னியம்மாள் குனிந்து போசியிலிருந்து ஒரு கரண்டி அள்ளிக் கணவரின் இலையில் வைத்தாள்.

காளியண்ணன் ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார்.

"இன்னைக்குப் பொங்கல் நெம்ப நல்லா வந்திருக்குது."

"அப்படீங்களா" என்றாள் சென்னியம்மாள்.

பந்தியில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அன்பரசு மட்டும் வடையைக் கடித்துக்கொண்டே இருமினார். காளியண்ணன் இலையை வழித்துச் சாப்பிட்டார். சென்னியம்மாள் இந்த முறை தன் பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு வந்தபோது, இலைக்கு மேல் கையை நீட்டித் தடுத்தார்.

"அதுல வேண்டாம். அந்தப் போசியிலிருந்தே வையி."

சென்னியம்மாள் வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டு முடித்து, இலையை மடிக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"போசியை வெறுமனே குடுத்துவுடாதே. ரெண்டு வடையப் போட்டுக் குடு. நான் சொன்னேன்னு சொல்லாதே."