ஓரிழைப் பட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. ஆரணியில் என் மகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டே குழந்தை டாக்டர் ஒருவர் இரண்டு வாக்கியத்தில் சொன்னது. மூன்றாவது வாக்கியம் வருவதற்குள் மகள் அலறிவிட்டாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், டாக்டர் கனிமொழி—

வேண்டாம். மழை பெய்யவில்லை. பதற்றம் என்றால் உடனே மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.

2

ஏழாம் மாதமே பிறந்த குழந்தை. தொள்ளாயிரத்து இருபது கிராம். (‘ஒரு பட்டுப்புடவை எடைதான்’ என்று எழுதி அடித்தேன். ஆரணிப் புடவை அதைவிட லேசு, ஊரில் சிரிப்பார்கள்.)

காலை பத்து மணிக்குக் கனிமொழி கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுத் துணியை விலக்கினார். இடது கால் சுண்டுவிரல் கருநீலமாகிக் கிடந்தது. தொப்புள் ரத்தக்குழாய்க்குள் தான் போட்டிருந்த குழாய் காலுக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்துவிட்டதா? அதை எடுத்தாகிவிட்டது, நிறம் மாறவில்லை.* இப்படியே விட்டால் விரல் போய்விடும். வேலூருக்கு அனுப்பலாமென்றால் வழியில் குழந்தைக்கு மூச்சு தாங்காது.

"யாருங்க குழந்தைய தொட்டது?" கத்தியேவிட்டார்.

தறி நெய்கிற அப்பா லோகநாதன், இல்லை என்று தலையாட்டினார்.

(அவர்மேல் எனக்கும் கோபம். நல்லவராக எழுத மூன்று முறை முயன்றேன். பயந்தவராகத்தான் வந்தார்.)

* மருத்துவம் படித்தவர்கள் இந்த இடத்தில் என்னைத் திருத்தலாம்.

3

இருபது நிமிடம் வேறு காரணம் தேடிய பிறகு நர்ஸ் சகாயமேரிதான் மெல்ல எடுத்துக்கொடுத்தார். "நேத்து அரணாக்கயிறு கட்டணும்னு கேட்டுகினே இருந்தாரு டாக்டர். நான்தான் கூடாதுன்னு சொன்னேன்."

கனிமொழி குரலை இறக்கினார். "திட்ட மாட்டேன். சொல்லுங்கப்பா."

"கயிறு இல்லீங்க... பட்டு. ஒரே இழை. கண்ணுக்கே தெரியாதேன்னு விரல்ல சுத்திட்டேன். லூசாதாங்க கட்டினேன். காத்து கருப்பு அண்டக்கூடாதுன்னு..." அழுதுவிட்டார்.

கனிமொழி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வீங்கிய சதை இழையை விழுங்கியிருந்தது. அரிசி அளவு விரலில் எங்கே கத்தரி வைப்பது?

"லைட்ட பக்கத்துல இருந்து அடிங்க டாக்டர். மேல இருந்து பாத்தா பட்டு தெரியாது" என்றார் லோகநாதன்.

டார்ச்சைச் சாய்த்தார்கள். லோகநாதன் குனிந்தார். "அடிப்பக்கம்... ஆங், அதாங்க முடிச்சு."

கத்தரியின் நுனி உள்ளே போனது. இழை வந்துவிட்டது. முதல் தடவை கத்தாமல் கேட்டிருந்தால் இருபது நிமிடம் மிச்சமாகியிருக்கும் என்று கனிமொழிக்குத் தோன்றியது. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

4

மூன்றாவது வாக்கியத்தைப் போய்க் கேட்டுவிடலாம்தான். அந்தக் குழந்தை டாக்டரின் தெரு வழியாக இரண்டு முறை போய்வந்தேன், கேட்கவில்லை. விரல் சிவந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று பயம். சிவக்கவில்லை என்று எழுதக் கை வரவில்லை.

ஆகவே கனிமொழி இன்னும் அங்கேயே நிற்கிறார். விரலை மெல்ல அழுத்துகிறார், விடுகிறார், எண்ணுகிறார். மூன்று எண்ணுவதற்குள் ரத்தம் திரும்ப வேண்டும். லோகநாதனும் வாய்க்குள் எண்ணுகிறார்.

நீங்களும் உங்கள் கட்டைவிரல் நகத்தை ஒருமுறை அழுத்தி விடுங்கள். வெளுத்துவிட்டதா? எண்ணுங்கள்.

ஒன்று.

இரண்டு.